கூரையில் ஒரு ஓட்டை: சன்ரூஃப் கண்ணாடி விலையின் வரலாறு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பி.காம் படிக்கிறவனுக்குக் கார் கண்ணாடியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

எங்கள் மாமா கோபியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு வெளிநாட்டுச் சொகுசுக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கல்யாண வாடகைக்கு மட்டும்தான் அந்த வண்டி. பெண்ணும் மாப்பிள்ளையும் கூரை வழியாக எழுந்து நின்று கையசைக்க வேண்டும், கீழே இருந்து போட்டோ எடுக்க வேண்டும், அதுதான் இப்போது ஃபேஷன். (நிற்கும்போது வண்டி ஓடக்கூடாது என்பது மாமா போட்ட சட்டம்.) அந்தக் கூரைக் கண்ணாடியை நம்பித்தான் வண்டிக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பெருமாநல்லூர் பக்கத்தில் ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் போயிருக்கிறார். ஒரே ஒரு கல். மொத்தக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக சீட்டில் கொட்டிவிட்டது.

கோவையில் சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். என் தங்கைக்கு மாமா வாங்கிக்கொடுத்த ஸ்கூட்டரைப் போல இரண்டு வாங்கலாம், மிச்சமும் இருக்கும். அன்று இரவு எனக்கு போன்.

"ஏங்கண்ணு, கண்ணாடிதான? வீட்டு ஜன்னலுக்குப் போடறதும் கண்ணாடி, இதும் கண்ணாடி. நீ காமர்ஸ்தான படிக்கிற, இதுக்கு ஒரு கணக்குச் சொல்லு பாக்கலாம்."

மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று ஆரம்பித்தேன். "ஓவர்ஹெட்டுன்னா தலைக்கு மேல இருக்கறதா?" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஜல்லியால் வந்த பிரச்சினை என்றாலும் ஜல்லியடிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஓட்டை, பிறகுதான் கண்ணாடி

சன்ரூஃப் என்ற பொருள் வந்தபோது அதில் கண்ணாடியே கிடையாது. ஜெர்மனியின் வெபாஸ்டோ இன்று உலகின் பெரிய சன்ரூஃப் நிறுவனங்களில் ஒன்று. 1901இல் வில்ஹெல்ம் பையர் என்பவர் தொடங்கியது. அவர் பெயரின் எழுத்துகளையும் ஸ்டோக்டார்ஃப் என்ற ஊரின் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர்தான் வெபாஸ்டோ. 1930களில் இவர்கள் கார்களுக்குச் செய்தது மடித்துச் சுருட்டக்கூடிய துணிக் கூரை. 1937இல் அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் தன் கார்களில் சன்ரூஃப் கொடுத்தபோது அது நகர்ந்து திறக்கும் தகரப் பலகை. உடைந்தால் லோக்கல் டிங்கர் தட்டிச் சரிசெய்துவிடுவார். துணி கிழிந்தால் சீட் தைக்கிறவர் தைத்துவிடுவார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எளிதாக இருந்த காலத்தில் அதைச் சரிசெய்ய ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேர் இருந்தால் விலை தானாகவே அடங்கி நிற்கும்.

1954இல் ஃபோர்டு ஒரு சோதனை செய்தது. ஸ்கைலைனர் என்ற மாடலில் முன் சீட்டுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பிளாஸ்டிக் கூரை. பார்க்க அழகு, உட்கார்ந்தால் அடுப்பு. இரண்டு மூன்று வருடங்களில் அதைக் கைவிட்டார்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம் என்ற இந்தச் சிக்கல்தான் பின்னால் கூரைக் கண்ணாடியின் விலையை ஏற்றிய முதல் காரணம். அதற்கு வருகிறேன்.

வெட்ட முடியாத கண்ணாடி

வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் அளவு சொல்கிறோம். கடைக்காரர் வைரக் கட்டரால் ஒரு கோடு போட்டு, ஒரு தட்டு தட்டி, பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். கார் கண்ணாடிக்கு ஏன் இது நடப்பதில்லை?

ஆரம்பகாலக் கார்களில் இருந்தது சாதாரணக் கண்ணாடிதான். விபத்து நடந்தால் கத்தி மாதிரி உடைந்து முகத்தைக் கிழித்தது. இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன.

முதல் தீர்வு, ஒட்டுக் கண்ணாடி. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் தன் ஆய்வகத்தில் ஒரு குடுவையைக் கீழே போட்டுவிட்டார். உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. 1909இல் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு படலம் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதலாம் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்பகுதிக்கு இது பயன்பட்டது. 1920களின் கடைசியில் கார்களின் முன் கண்ணாடிக்கு வந்தது. இன்றைய விண்ட்ஷீல்டு கல் பட்டால் விரிசல் விட்டு அப்படியே நிற்பது இதனால்தான்.

இரண்டாவது தீர்வு, டெம்பர்டு கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி இருபக்கமும் காற்றைப் பீய்ச்சி சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்பகுதி பின்னால் குளிர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம். ஆனால் ஓர் இடத்தில் அந்த இறுக்கம் கிழிந்தால் மொத்தமும் ஒரே நொடியில் பொடியாகிவிடும். மாமா கார் சீட்டில் கிடந்த கற்கண்டு இதுதான்.

இதில் காமர்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. டெம்பர் செய்த கண்ணாடியை அதன்பின் யாராலும் வெட்ட முடியாது, துளையிட முடியாது. கட்டரை வைத்தால் பொடிதான். அளவு, வளைவு, ஓரம், துளை எல்லாவற்றையும் உலைக்குப் போகும் முன்பே முடித்தாக வேண்டும். அதாவது ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனி அச்சு, தனி உற்பத்தி. கடைக்காரரிடம் அளவு சொல்லி வாங்கும் பொருள் அன்றோடு முடிந்தது. பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் வாங்க முடியும்.

அச்சுக்கு ஆகும் செலவு நிலைச் செலவு. லட்சக்கணக்கில் விற்கும் சின்னக் காருக்கு அது லட்சம் கண்ணாடிகளின் மேல் பிரிந்துவிடும். எண்ணிக்கையில் குறைவாக விற்கும் சொகுசுக் காருக்குச் சில ஆயிரங்களின் மேல்தான் பிரியும். உதிரி பாகமாக விற்பது அதைவிடக் குறைவு. அந்தக் கண்ணாடி எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் அதை உடையாமல் வருடக்கணக்கில் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். இந்த இருப்புச் செலவும் விலையில்தான் ஏறும். நாம் தேர்வுக்குப் படித்த கேரியிங் காஸ்ட் இதுதான்.

கண்ணாடி மலிந்தது, கூரை வளர்ந்தது

இன்னொரு பக்கம் கண்ணாடி என்ற மூலப்பொருள் வரலாறு காணாத அளவுக்கு மலிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் நல்ல தட்டைக் கண்ணாடி வேண்டுமென்றால் உருட்டி எடுத்து இருபக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நேரமும் செலவு, தேய்ந்துபோகும் கண்ணாடியும் நஷ்டம். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தில் அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் ஒரு வேலையைத் தொடங்கினார். (முதலாளி குடும்பத்துக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.) உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால் இரண்டு பக்கமும் தானாகவே வழவழப்பாகிவிடும். சொல்ல சுலபம், செய்து முடிக்க ஏழு வருடமும் 70 லட்சம் பவுண்டும் ஆயிற்று. 1959இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்று நம் வீட்டு ஜன்னல் முதல் கார் வரை எல்லாமே இந்த மிதவைக் கண்ணாடிதான். 2000ஆம் ஆண்டிலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலையில் இது தயாராகிறது.

மூலப்பொருள் மலிந்தால் பொருள் மலிய வேண்டும் அல்லவா? கார் கம்பெனிகள் வேறு வழியில் போனார்கள். 1973இல் லிங்கன் கான்டினென்டல் மார்க் ஃபோர் காரில் தகரப் பலகைக்குப் பதில் சாயமிட்ட கண்ணாடி வந்தது. அதற்கு ‘மூன்ரூஃப்’ என்று பெயர் சூட்டியவர்கள் மார்க்கெட்டிங் துறையினர். அங்கிருந்து கண்ணாடி பெரிதாகிக்கொண்டே போனது. 2002இல் வந்த மேபாக் 62 காரில் பட்டனைத் தட்டினால் மங்கலாகும் கூரைக் கண்ணாடி கிடைத்தது. 2011இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே.யில் மின்சாரம் கொடுத்தால் தெளிவாகவும் நிறுத்தினால் இருண்டும் போகும் கூரை வந்தது. 1954இல் ஃபோர்டைத் தோற்கடித்த வெயிலுக்கு இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பதில் கண்டார்கள்: சாயம், அகச்சிவப்பைத் திருப்பும் பூச்சு, நடுவே படலம், அதற்குள் மின்முனை.

முன்பு கூரையில் ஒரு சின்ன ஓட்டை, இப்போது கூரையே கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் போன்ற விளிம்பை அச்சிலேயே வார்த்து, அதற்குள் போல்ட் பிடிமானங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். அசையாத கண்ணாடியைப் பசை போட்டு உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். மாற்றும்போது அந்தப் பழைய பசையை அறுத்து எடுக்க வேண்டும், புதுப் பசை காய நேரம் தர வேண்டும். மழைத்தண்ணீர் இறங்க நான்கு மூலையிலும் குழாய் உண்டு, அதில் பொடிக் கண்ணாடி அடைத்திருந்தால் உள்கூரைத் துணியைக் கழற்ற வேண்டும். கடைசியில் எங்கே திறப்பது, எங்கே நிற்பது என்று மோட்டாருக்கு மறுபடி கற்றுத்தர வேண்டும். கண்ணாடி கைக்கு வந்தபிறகும் இத்தனை வேலை.

ஒரே ஆள் விற்கும் பொருள்

இதுவரை சொன்னது இன்ஜினியரிங். இதோடு நின்றால் மாமாவின் எஸ்டிமேட்டில் பாதிக்குத்தான் விளக்கம் கிடைக்கும். மீதிக்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

கண்ணாடி வழக்கல்ல, ஆனால் நம் கதைக்கு அதுதான் வேர். 1980களில் வெங் என்ற நிறுவனம் வால்வோ காரின் முன் மட்கார்டு போலவே செய்த பாகங்களை அனுமதியில்லாமல் பிரிட்டனில் இறக்குமதி செய்தது. அந்த வடிவம் எங்கள் பெயரில் பதிவானது என்று வால்வோ வழக்குப் போட்டது. 1988 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: வடிவத்துக்கு உரிமை உள்ளவர் மற்றவருக்கு லைசன்ஸ் தர மறுப்பது மட்டுமே தவறாகாது. ஆனால் தனி மெக்கானிக்குகளுக்கு பாகத்தைத் தர காரணமின்றி மறுத்தாலோ, அநியாய விலை வைத்தாலோ, கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகம் செய்வதை நிறுத்தினாலோ அது தவறாகலாம்.

உதிரி பாகத்தில் இருக்கும் பொறி இதுதான் நண்பர்களே. கார் வாங்கும்போது பத்து ஷோரூம் ஏறி இறங்கலாம், பேரம் பேசலாம். வாங்கியபிறகு அந்தக் காரின் கூரைக்குப் பொருந்தும் கண்ணாடி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். போட்டி நிறைந்த சந்தையில் நுழைந்தவர், வெளியே வந்து பார்த்தால் ஏகபோகத்துக்குள் நிற்கிறார்.

சரி, கார் கம்பெனிக்காவது கண்ணாடிக் கம்பெனிகள் போட்டி போட்டு விற்றார்களா? 2008 நவம்பர் 12 அன்று ஐரோப்பிய ஆணையம் நான்கு கண்ணாடி நிறுவனங்களுக்கு மொத்தம் 138 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அசாஹி, பில்கிங்டன், செயின்ட் கோபைன், சோலிவர். 1998 முதல் 2003 வரை ரகசியமாகச் சந்தித்து, எந்தக் காருக்கு யார் கண்ணாடி தருவது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புதுக் கார்களின் கண்ணாடியிலும் கம்பெனி முத்திரையுள்ள மாற்றுக் கண்ணாடியிலும் ஐரோப்பியச் சந்தையில் சுமார் 90 சதவீதம் அப்போது இவர்கள் கையில். விஷயம் வெளிவந்தது பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவலால். செயின்ட் கோபைனுக்கு மட்டும் 89.6 கோடி யூரோ, 2014இல் நீதிமன்றம் அதை 88 கோடியாகக் குறைத்தது. பில்கிங்டனுக்கு 37 கோடி. ஆமாம், வெள்ளீயத்தில் மிதக்கவிட்டு உலகத்துக்கே கண்ணாடியை மலிவாக்கிய அதே பில்கிங்டன்தான்.

நம்ம ஊர் தீர்ப்பு

இந்தியாவில் 2011இல் ஒரு தனிநபர் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைப்பதில்லை என்பது புகார். மூன்று கம்பெனிகள் மீது கொடுத்த புகார் விசாரணையில் விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி. சொகுசுக் கார்க்காரர்களான மெர்சிடிஸுக்கு 23.08 கோடி, பி.எம்.டபிள்யூ.வுக்கு 20.41 கோடி. தனியாக நடந்த விசாரணையில் 2015இல் ஹூண்டாய்க்கு 420.26 கோடி.

ஆணையம் கண்டது என்ன? பாகம் செய்யும் ஆலைகள் அதை நேரடியாக வெளியே விற்கக்கூடாது என்று கார் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருந்தன. ஆலை ஒன்று, பொருள் ஒன்று, ஆனால் கார் கம்பெனியின் பெட்டிக்குள் போய்த்தான் வர வேண்டும். ஆலைகள் வெளியே விற்கலாம், கருவிகளைத் தனி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும், வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனார்கள். 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் மூன்றின் மீதும் தவறு உறுதி என்றது. ஆனால் அபராதத்தை மொத்த விற்பனையின் மேல் அல்ல, உதிரி பாக விற்பனையின் மேல் மட்டும் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது.

ஐரோப்பாவும் 2024 அக்டோபரில் சட்டத்தை மாற்றியது. காரை அதன் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரத் தேவையான பாகங்களின் வடிவத்துக்கு இனி தனி உரிமை கோர முடியாது. ஏற்கெனவே பாதுகாப்புக் கொடுத்துவந்த நாடுகளுக்கு எட்டு வருட அவகாசம். 1988இல் கேட்ட கேள்விக்கு 36 வருடம் கழித்துப் பதில்.

மாமாவின் பில்

இவ்வளவும் படித்த பிறகு மாமாவோடு நானும் கோவைக்குப் போனேன். முதலில் ஒரு கார் கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, "தண்டவாளம் வளையல, மோட்டார் ஓடுது, கண்ணாடி மட்டும் போதும்ங்க. ஆனா அந்தக் கண்ணாடி எங்களுக்குக் கெடைக்காது" என்றார். இருபது வருட அனுபவம் உள்ளவர். வேலை தெரியும், பொருள் கைக்கு வராது. 2014இல் ஆணையம் எழுதிய பக்கங்களை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பிறகு சர்வீஸ் சென்டர். எஸ்டிமேட்டில் இருந்தது முழு செட், அதாவது கண்ணாடி, சட்டம், தண்டவாளம், மோட்டார் எல்லாம் சேர்த்து. கண்ணாடிக்குத் தனி எண் உண்டா என்று எழுத்தில் கேட்டோம். ஒரு நாள் கழித்து "உண்டு" என்று பதில் வந்தது. பில் ஏறக்குறைய பாதியானது. சில மாடல்களில் தனியாகக் கிடைப்பதே இல்லை, எங்களுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது இன்சூரன்ஸ். கார் இன்சூரன்ஸ் விதிகளில் கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதோடு கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். மாமா நான்கு வருடமாகக் கிளெய்ம் செய்யாமல் 45 சதவீதம் சேர்த்து வைத்திருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அடுத்த நான்கு வருடப் பிரீமியத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். எங்கள் விஷயத்தில் கிளெய்ம் செய்வதுதான் லாபம். சின்னக் கண்ணாடி என்றால் கைக்காசைப் போடுவது லாபமாக இருக்கலாம். கணக்குப் போடாமல் எதையும் செய்யாதீர்கள்.

கண்ணாடி வர மூன்று வாரம். அதற்குள் இரண்டு முகூர்த்தம் கைவிட்டுப் போனது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க மாமா நேரில் போனார். அந்த நஷ்டம் எந்த எஸ்டிமேட்டிலும் இல்லை. ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கு நாம் காசாகக் கொடுப்பது ஒரு பங்கு, காத்திருந்து கொடுப்பது இன்னொரு பங்கு.

வண்டி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் மாமாவிடம் சொன்னேன். பெனடிக்டஸ், பில்கிங்டன், வால்வோ, ஆணையம் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணாடிய எதுல பண்றாங்க கண்ணு?"

"மணல்ல மாமா."

"அப்பறம் என்ன. நம்மூரு ஆத்து மணல் கதையேதான். மணலுக்கு எப்பவும் வெல இல்ல கண்ணு, அள்ளறதுக்கு யாருக்கு பர்மிட்டு இருக்குதோ அவனுக்குத்தான் வெல."

மூன்று வாரம் நான் படித்ததை அவர் முப்பது நொடியில் சொல்லிவிட்டார். அடுத்த செமஸ்டரில் ஏகபோகச் சந்தை பற்றிக் கேள்வி வந்தால் இதையே எழுதலாம் என்றிருக்கிறேன். மார்க் போடுவார்களா தெரியாது :-)